எத்தனை நாளுக்கு அரிசி இருக்கிறது?

2023 ஜூலை 20 அன்று, பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியை, அதாவது நாம் பச்சரிசி என்று சொல்லும் வகையை, வெளிநாட்டுக்கு அனுப்ப இந்திய அரசு தடை விதித்தது. அடுத்த மாதமே புழுங்கல் அரிசிக்கு இருபது விழுக்காடு ஏற்றுமதி வரி வந்தது. கடலூரில் இருக்கும் எங்களுக்கு அது மளிகைக் கடை வாசலில் ஒரு நாள் பேசி மறந்த செய்தி. உள்ளூரில் விலை ஏறாமல் இருக்கத்தானே செய்கிறார்கள் என்று கடைக்காரரும் சொன்னார், நானும் தலையாட்டினேன். ஆகஸ்டு இறுதியில் வந்த அறிவிப்பைத்தான் நின்று படித்தேன். பூட்டானுக்கு 79,000 டன், சிங்கப்பூருக்கு 50,000 டன், மொரிஷியசுக்கு 14,000 டன் என்று மூன்று நாடுகளுக்கு விலக்கு அளித்திருந்தார்கள். மொரிஷியசின் மக்கள்தொகை ஏறத்தாழ 12.6 லட்சம். அந்த 14,000 டன்னைப் பங்கிட்டால் தலைக்குப் பதினோரு கிலோ வரும்.

மொரிஷியஸ் ஏழை நாடு இல்லை. தனிநபர் வருமானத்தில் நம்மைவிடப் பல மடங்கு மேலே இருக்கிறது. அரிசி விலையையும் கப்பல் வாடகையையும் முன்பணமாகவே கட்டிவிட அதற்கு வசதி உண்டு. அப்படிப்பட்ட நாடு தன் மக்களின் உலையில் விழ வேண்டிய அரிசிக்காக இன்னோர் அரசின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. கையிலே காசு, வாயிலே தோசை என்று நம் ஊரில் சொல்வார்கள். சிறிய தீவு நாடுகள் பலவற்றின் உணவுக் கொள்கையே பல பத்தாண்டுகளாக அந்த ஒரு வரிதான். விளைவிக்கத் தோதானதை விளைவித்து விற்பது, வந்த காசில் வேண்டியதை வாங்கிக்கொள்வது. தோசை சுடுகிறவர் கடையை மூடிவிட்டால் என்ன செய்வது என்பதற்கு அந்தப் பழமொழியில் பதில் இல்லை.

இந்தத் தீவைப் பற்றி நான் எழுத இரண்டு காரணங்கள் உண்டு. என் நிலம் நெல்லிக்குப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மூன்று தலைமுறையாகக் கரும்புதான் போடுகிறோம், மொரிஷியசும் கரும்பில் வாழ்ந்த நாடு. என் தங்கை வாழ்க்கைப்பட்டது புதுச்சேரியில். அந்த ஒன்றியப் பிரதேசத்தின் நான்கு பகுதிகளையும் சேர்த்து 2011 கணக்கெடுப்பில் 12.48 லட்சம் பேர் இருந்தார்கள். கிட்டத்தட்ட மொரிஷியஸ் அளவு. பரப்பளவில் மொரிஷியஸ் ஏறத்தாழ 2,040 சதுர கிலோமீட்டர். புதுச்சேரியோ அதில் கால் பங்குக்கும் குறைவு. சுற்றிலும் கடல் இல்லை என்பதால் மட்டுமே புதுச்சேரியைத் தீவு என்று யாரும் சொல்வதில்லை.

மொரிஷியசில் ஆதியில் மனிதர்களே இல்லை. 1639-ல் டச்சுக்காரர்கள் கரும்பைக் கொண்டுவந்தார்கள். 1710-ல் தீவையே விட்டுப் போய்விட்டார்கள். பிறகு பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். 1735-ல் ஆளுநராகப் பொறுப்பேற்ற லபூர்தொனே மரவள்ளியைப் பரவலாகப் பயிரிடச் செய்தார். அவர் பெயரில் புதுச்சேரியில் இன்றும் ஒரு வீதி இருக்கிறது. அங்கே கட்டட வேலைக்குக் கொத்தனார்களும் தச்சர்களும் போனது இந்தப் புதுச்சேரியிலிருந்துதான். அடிமைகளுக்கும் படைகளுக்கும் இந்தியப் பெருங்கடலில் போய்வரும் கப்பல்களுக்கும் சோறு போட வேண்டிய இடமாக அந்தத் தீவு இருந்ததால், அன்றைய ஆட்சிக்கு உணவுப் பயிர் என்பது போர்த் தளவாடங்களில் ஒன்று. தருமத்துக்காக யாரும் மரவள்ளி நடவில்லை, ஆனாலும் நட்டார்கள்.

1810-ல் ஆங்கிலேயர் தீவைப் பிடித்தார்கள். 1825-ல் மொரிஷியஸ் சர்க்கரைக்கும் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரைக்கும் லண்டனில் ஒரே சுங்கவரி என்றானது, அவ்வளவுதான், மலை அடிவாரம் வரை கரும்பு ஏறிவிட்டது. 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம் மக்களுக்குச் சம்பளத்தோடு அரிசியும் பருப்பும் படியாக அளப்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது. கரும்பு வெட்டுகிறவர் இந்தியாவிலிருந்து, அவர் உண்ணும் அரிசியும் கடல் கடந்து, விளைந்த சர்க்கரை லண்டனுக்கு. நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்த ஏற்பாடு சிக்கல் இல்லாமல் ஓடியதால், ஓடுவதே இயல்பு என்று அங்கிருந்தவர்கள் எண்ணிவிட்டார்கள்.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானதும் பர்மா அரிசி நின்றது. காலனி அரசு அவசரமாகத் தோட்ட முதலாளிகளுக்கு உத்தரவு போட்டது: கரும்பு நிலத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, மக்காச்சோளம், மரவள்ளி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட வேண்டும். போட்டார்கள். ஆனால் தலைமுறைகளாக அரிசிச் சோறு தின்ற மக்கள் ஒரே பருவத்தில் மக்காச்சோள மாவுக்கு மாற வேண்டியிருந்தது. போர் முடிந்தது, அரிசிக் கப்பல் வந்தது, கிழங்கு போட்ட வயல்கள் மீண்டும் கரும்பாயின. பயிரை மாற்றலாம், ஆனால் ஒரு பருவம் பிடிக்கும் என்ற பாடத்தை அந்த ஆண்டுகள் தெளிவாகவே சொல்லியிருந்தன.

கரும்பையே நம்பியது மடமை என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. நானும் அதையேதான் செய்கிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. ஒரு முந்திரித் தோப்பு மறுபடி காய்ப்புக்கு வர எத்தனை ஆண்டு ஆகும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களைக் கேட்டால் தெரியும். என் கரும்பும்தான் படுத்தது. ஆனால் படுத்த கரும்பு நுனியில் வளைந்து மறுபடி எழுந்தது. எடை குறைந்ததே தவிர ஆலைக்குப் போயிற்று. மொரிஷியஸ் புயல் பாதையில் இருக்கும் தீவு. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் அங்கே சந்தையில் காய்கறி காணாமல் போகும், கரும்பு நிற்கும். நாம் ஒரு நடவுக்குப் பிறகு இரண்டு மூன்று மறுதாம்பு, அதாவது வெட்டிய கட்டையிலிருந்தே மறுபடி துளிர்த்து வரும் கரும்பு, பார்த்தால் பெரிது. அங்கே ஏழு எட்டு ஆண்டுகள் வரை மறுதாம்பு விடுகிறார்கள். ஆள் குறைவான, காற்று மிகுந்த நாட்டில் அது விவேகமான பயிர்.

சுதந்திரத்துக்கு முன்பு ஜேம்ஸ் மீட் என்ற பொருளியலாளர், பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர், இந்தத் தீவின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலையோடுதான் எழுதினார்: மக்கள் பெருகுகிறார்கள், ஒரே ஒரு பயிர், வேலை இல்லை. 1968 மார்ச் 12 அன்று நாடு விடுதலை பெற்றது. 1973-ல் சர்க்கரை உற்பத்தி ஏழு லட்சம் டன்னைத் தாண்டியது. அதன் பிறகு அந்த உயரத்தைத் தொடவே இல்லை. 1975-ல் ஐரோப்பியச் சமூகத்தோடு செய்த லோமே ஒப்பந்தத்தின் சர்க்கரை உடன்படிக்கை, ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் டன் சர்க்கரையைப் பெரும்பாலான ஆண்டுகளில் உலகச் சந்தைக்கு மேலான உறுதி விலையில் வாங்கிக்கொள்ள வழி செய்தது. அந்தப் பணம் துணி ஆலைகளாகவும் விடுதிகளாகவும் மாறியது. மீட் அஞ்சியது நடக்கவில்லை. இந்த இடத்தில் கையிலே காசு கொள்கை வென்றது என்றே ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிறகு 2006 முதல் 2009-க்குள் ஐரோப்பிய ஒன்றியம் அந்த உறுதி விலையை 36 விழுக்காடு குறைத்தது. 2017 அக்டோபர் 1 அன்று தன் உள்நாட்டுச் சர்க்கரை உற்பத்திக்கு வைத்திருந்த உச்சவரம்பையும் நீக்கியது. ஒரு கையெழுத்தில் வந்த விலை இன்னொரு கையெழுத்தில் போயிற்று. மொரிஷியஸ் அரசு சும்மா இருக்கவில்லை. சிறிய ஆலைகளை மூடிப் பெரியவற்றோடு சேர்த்தது, பழுப்புச் சர்க்கரையை வெள்ளையாக்கியும் தனி வகைகளாக்கியும் விற்றது, சக்கையை எரித்து மின்சாரம் எடுத்தது. இருந்தும் அண்மை ஆண்டுகளில் சர்க்கரை உற்பத்தி இரண்டரை லட்சம் டன்னை ஒட்டியே நிற்கிறது. கைவிடப்பட்ட நிலம் ஆயிரக்கணக்கான ஹெக்டேர். அதே நேரம் அந்த நாடு உண்பதில் முக்கால் பங்குக்கு மேல் இறக்குமதி. கரும்பு போன இடத்தில் சோறு விளையவில்லை என்பதுதான் இதில் கசப்பான செய்தி.

ஏன் விளையவில்லை என்பதை என் வயலிலேயே ஒருவர் விளக்கினார். சில ஆண்டுகளுக்கு முன் மொரிஷியஸ் தலைநகர் போர்ட் லூயியிலிருந்து தன் முன்னோர் ஊரைத் தேடி வந்தவர் அவர். கோயிலில் கற்ற பாட்டுகளும் உறவுமுறைச் சொற்களும் தவிர அவருக்குத் தமிழ் வராது. என்னை "அண்ணே" என்று கூப்பிட்டுவிட்டு மற்றதை ஆங்கிலத்தில் பேசினார். அப்போது நட்டு ஐம்பது நாளான கரும்பில் பாருக்குப் பார் இடைவெளியில் உளுந்து போட்டிருந்தேன். குனிந்து ஓர் உளுந்துச் செடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவர்கள் ஊரில் இதே இடத்தில் உருளைக்கிழங்கு இருக்கும் என்றார். கரும்பு மூடிக்கொள்வதற்குள் மூன்று மாதத்தில் கிழங்கைத் தோண்டி எடுத்துவிடுவார்கள். ஒரு காலத்தில் இப்படித்தான் நாட்டுக்கு வேண்டிய உருளைக்கிழங்கில் பெரும்பங்கு கிடைத்தது. அவருடைய அப்பா கடைசி வரை அப்படிச் செய்தாராம். இப்போது அந்த நிலம் ஆறு பிள்ளைகளுக்குப் பொதுவாகக் கிடக்கிறது. ஒருவர் பிரான்சில், ஒருவர் கனடாவில், மற்றவர்களுக்கு அலுவலக வேலை. கரும்பு வெட்ட ஆள் இல்லை என்றதும் கரும்பு நின்றது, கரும்பு நின்றதும் அதன் நடுவில் விளைந்த கிழங்கும் நின்றது. "உங்களுக்கு ஆள் கிடைக்கிறார்களா அண்ணே?" என்று கேட்டார். ஆலையின் வெட்டு உத்தரவு கைக்கு வந்தும் ஆள் வராமல் கரும்பு காய்ந்துகொண்டிருந்த வாரங்களைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை, விருந்தாளியிடம் எதற்கு?

அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. விதைக் கிழங்கே கப்பலில்தான் வருகிறது. மொரிஷியஸ் கோழி இறைச்சியிலும் முட்டையிலும் தன்னிறைவு அடைந்த நாடு. அரசின் அறிக்கைகளில் பெருமையாக இடம்பெறும் செய்தி அது. அந்தக் கோழி தின்னும் மக்காச்சோளமும் சோயாவும் எங்கிருந்து வருகின்றன? அதுவும் கப்பலில்தான். ஆகவே நூற்றுக்கு இத்தனை விழுக்காடு நாங்களே விளைவிக்கிறோம் என்ற கணக்கு, கப்பல் நிற்கும் நாளில் எவ்வளவு செல்லும் என்பதைச் சொல்வதே இல்லை.

சிங்கப்பூர் இந்த விழுக்காட்டுக் கணக்கில் இறங்கிப் பார்த்துவிட்டது. நம் மாவட்டத்தில் சிதம்பரம், புவனகிரிப் பக்கம் தெருவுக்கு ஒருவராவது அங்கே வேலை பார்ப்பதால் இந்தச் செய்தி இங்கே தெரியாததல்ல. 2030-க்குள் தன் ஊட்டத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூரில் விளைவிப்பது என்று 2019-ல் இலக்கு வைத்தார்கள். கட்டடத்துக்குள் அடுக்கடுக்காகக் கீரை வளர்த்தார்கள். மின்கட்டணம் விழுங்கியது, பண்ணைகள் மூடின. 2025 நவம்பரில் அந்த இலக்கையே கைவிட்டு, 2035-க்கு வேறு இலக்குகளை அறிவித்தார்கள். ஆனால் அதே சிங்கப்பூர் ஓசையில்லாமல் நெடுங்காலமாகச் செய்துவரும் ஒன்று இருக்கிறது: அரிசி இறக்குமதி செய்யும் வணிகர் ஒவ்வொருவரும் தம் மாத இறக்குமதியில் இரண்டு மடங்கை எப்போதும் கிடங்கில் இருப்பு வைத்திருக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து உணவு வாங்குவதும் அவர்கள் வழக்கம். 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது, கடைகளில் முணுமுணுப்பு எழுந்ததே தவிர யாரும் பட்டினி கிடக்கவில்லை.

எதிர்த் திசையில் போன தீவு இலங்கை. அங்கே நெல் விளைகிறது, அரிசியில் ஏறத்தாழத் தன்னிறைவே இருந்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவிப்பில் தடை செய்தார்கள். நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். இடைப்பட்ட பெரும்போகத்தில், அதாவது அங்கே பெரிய நெல் பருவத்தில், விளைச்சல் விழுந்துவிட்டது, அடுத்த ஆண்டு இந்தியக் கடனில் அரிசி வாங்கினார்கள். இயற்கை வேளாண்மை மேல் எனக்கு மரியாதை உண்டு, சாணமும் தழையும் போடாத நிலம் என்னிடம் இல்லை. அதை அரசிதழில் ஒரு நாளில் கொண்டுவர முடியும் என்று நம்பியவர்களிடம் எனக்கு மரியாதை இல்லை.

ஆகவே ஒரு சிறு நாட்டின் உணவுப் பாதுகாப்பை எதைக் கொண்டு அளப்பது என்று என்னைக் கேட்டால், நாளைக் கொண்டு அளக்கச் சொல்வேன். இன்று கப்பல் நின்றால் கிடங்கில் எத்தனை நாளுக்கு அரிசியும் மாவும் பருப்பும் இருக்கின்றன. மாற்றுப் பயிர் போட்டு அது கைக்கு வர எத்தனை நாள் ஆகும். அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே எவ்வளவு பள்ளம். மரவள்ளிக்கு எட்டு ஒன்பது மாதம், சர்க்கரைவள்ளிக்கு நாலு மாதம் என்றால், கிடங்கில் குறைந்தது அந்த நாலு மாதம் இருக்க வேண்டும், போடுவதற்கு விதைக்கொடியும் போடத் தெரிந்த ஆளும் இருக்க வேண்டும். மொரிஷியசில் கைவிடப்பட்ட கரும்பு நிலத்தை இந்த வகையில் பார்த்தால், அத்தனையிலும் உடனே காய்கறி போடு என்று மானியம் கொடுப்பதைவிட, அது வீட்டுமனையாகாமல் காப்பதும், ஒரு சிறு பகுதியிலாவது கிழங்குப் பயிர்களின் நடவுப் பொருளை உயிரோடு வைத்திருப்பதும் முதல் வேலை. அங்கே 2020 மார்ச்சில் ஊரடங்கின்போது பல்பொருள் அங்காடிகளையே சில நாள் மூடி, பிறகு குடும்பப் பெயரின் முதலெழுத்துப்படி முறை வைத்துத்தான் மக்களை உள்ளே விட்டார்கள். கிடங்கில் சரக்கு இருந்தும் அந்த நிலை.

நமக்கும் ஒரு சில நாள் தீவு வாழ்க்கை வாய்த்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் நாற்பத்தெட்டு சென்டிமீட்டருக்கு மேல் மழை. அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணையைத் திறந்ததில் தென்பெண்ணை கரை புரண்டது, புதுச்சேரி–கடலூர் சாலையில் போக்குவரத்து நின்றது. திருப்பாதிரிப்புலியூர் பான்பரி மார்க்கெட்டில் வெளியூர்க் காய் வரவில்லை. எங்கள் தெருவில் கவனித்தேன்: இருபத்தைந்து கிலோ சிப்பமாக அரிசி வாங்கும் வீடுகளில் காய் இல்லை என்ற குறை மட்டும் இருந்தது; ரசமும் அப்பளமுமாக ஓட்டினார்கள். இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று அன்றாடம் வாங்கும் வீடுகள்தான் மூன்றாம் நாள் காலையில் பாத்திரத்தோடு நிவாரண முகாமுக்கு நடந்தன. வருமானத்தைவிட, வீட்டில் இருந்த அரிசியே அந்த மூன்று நாளைத் தீர்மானித்தது. சிப்பமாக வாங்கவும் வருமானம் வேண்டும் என்பது வேறு கதை.

புதுச்சேரி இந்த விஷயத்தில் ஒரு சோதனையே நடத்தியது. 2015 செப்டம்பரில் சண்டிகரும் புதுச்சேரியும்தான் ரேஷன் அரிசிக்குப் பதிலாகப் பணத்தை வங்கிக் கணக்கில் போடும் திட்டத்துக்கு முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டவை. பின்னர் பிரதேச அரசு தன் பங்கில் கொடுத்த இலவச அரிசியும், ஆளுநர் மாளிகைக்கும் அமைச்சரவைக்கும் நடந்த நீண்ட இழுபறிக்குப் பிறகு பணமாயிற்று. ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தன. பணம் கொடுப்பதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் பொய்யல்ல: அரிசி மட்டம், எடை குறைவு, பாதி அரிசி இட்லி மாவுக்கும் கோழித் தீவனத்துக்கும் போகிறது. என் தங்கையே அந்த அரிசியைக் குறை சொன்னவள்தான். ஆனால் கடை மூடிய பிறகு அவள் கணக்கில் விழுந்த பணம், சுய உதவிக் குழுத் தவணைக்குப் போன மாதங்களே அதிகம். கடையில் அரிசி விலை ஏறிய அளவுக்கு அந்தத் தொகை ஏறவும் இல்லை. "அண்ணா, பணம் வந்தா செலவாயிடுது, அரிசி வந்தா சோறாகுது" என்று ஒருமுறை சொன்னாள். மொரிஷியஸ் ஒரு நாடாகப் பட்டதை அவள் ஒரு குடும்பமாகப் பட்டாள் என்று எனக்குத் தோன்றியது. விலை ஏறும் இடரையும் சரக்கு இல்லாமல் போகும் இடரையும் வாங்குகிறவர் தலையிலேயே கட்டிவிடும் ஏற்பாடு அது.

2024 அக்டோபரில் தீபாவளியை ஒட்டிப் புதுச்சேரியில் ரேஷன் கடைகளை மீண்டும் திறந்து அரிசி போட்டார்கள். ஃபெஞ்சல் வருவதற்குச் சில வாரங்களே முன்பு. திறந்தது சரியான முடிவு. ஆனால் பாகூர் ஏரிப் பாசனத்தில் இன்னும் நெல் விளைகிறது, காரைக்கால் காவிரிக் கடைமடையில் விளைகிறது. அந்த நெல்லில் ஒரு பகுதியை அந்தந்தப் பகுதியிலேயே வாங்கி, அரைத்து, மழைக்காலம் தொடங்கும் முன் கடைகளில் இறக்கி வைக்கும் ஏற்பாட்டை யாரும் பேசக் காணோம். ரேஷன் கடை வாசலில் இருப்புப் பலகை ஒன்று தொங்கும். அரிசி இத்தனை கிலோ, சர்க்கரை இத்தனை கிலோ என்று சுண்ணாம்புக் கட்டியால் எழுதுவார்கள். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமாவது அதில் இன்னொரு வரி சேர்க்க வேண்டும்: இந்தக் கடைக்கு உட்பட்ட அட்டைகளுக்கு, லாரி வராவிட்டால், இந்த அரிசி எத்தனை நாளுக்கு வரும் என்று. எழுத வேண்டிய கட்டாயம் வந்தால், அதை எழுதுகிறவரும் அவருக்கு மேலே இருப்பவரும் அந்த எண்ணை மூன்று என்றோ நான்கு என்றோ எழுதக் கூச்சப்படுவார்கள்.